படிநிலைத் தரவுத்தளத்தில் தரவை அடுக்குவது எப்படி: கேள்விப் பட்டியல் முதல் மறுசீரமைப்பு வரை

படிநிலைத் தரவுத்தளத்துக்கு, அதாவது தரவைத் தாய்-சேய் உறவாக ஒரு மரம்போல் அடுக்கும் தளத்துக்கு, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கையில் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து, எது எதற்குள் அடங்கும் என்று யோசித்து, நிறுவனத்தின் அமைப்பு எப்படியோ அப்படியே மரத்தை வரைந்துவிடுகிறார்கள். மரம் பார்க்க அழகாக இருக்கும், ஓடும்போதுதான் திணறும். எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி உள்ளே வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் மரத்தின் வடிவம் அமைய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது.

விவரங்கள் ஐபிஎம் நிறுவனத்தின் படிநிலைத் தரவுத்தள மென்பொருளான ஐஎம்எஸ்-க்குப் (IMS) பொருந்துமாறு தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டு முழுவதும் ஒரு வங்கியின் தரவு: வாடிக்கையாளர், கணக்கு, பரிவர்த்தனை.

## 1. வரைவதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

முதலில் கேள்விப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த கீயோடு (பதிவைத் தேட உதவும் அடையாள மதிப்பு) வருகிறது, எந்தெந்தத் தரவு வேண்டும், படிக்க மட்டுமா மாற்றவும் வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, உடனடி பதில் தேவையா அல்லது இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலையா. இந்தப் பட்டியல் இல்லாமல் வரைந்த மரத்தைப் பெரும்பாலும் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

அடுத்து எண்ணிக்கை. ஒரு கணக்குக்கு மாதம் சராசரியாக 80 பரிவர்த்தனை என்பது போதாது, அதிகபட்சம் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். சராசரி 80 ஆக இருக்கும் அதே தளத்தில் ஏதோ ஒரு வணிகக் கணக்கில் மாதம் 20,000 இருக்கலாம். வடிவமைப்பு முறிவது அந்தக் கணக்கில்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு வகைத் தரவின் ஆயுள்: எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், யார் அழிப்பார்கள். நான்காவது, ஒவ்வொரு கீயின் நீளமும் வடிவமும். இந்த நான்கும் தாளில் ஏறிய பிறகு மரத்துக்கு வாருங்கள்.

## 2. ரூட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஐஎம்எஸ் மரத்தில் தரவின் ஒவ்வொரு துண்டும் ஒரு செக்மென்ட். உச்சியில் உள்ள ரூட் செக்மென்ட்தான் உள்ளே நுழையும் வாசல். ரூட்டின் கீயைச் சொன்னால் நேராக அங்கே போய் நிற்கலாம். மற்ற எதை எடுக்கவும், துணை இண்டெக்ஸ் (வேறொரு ஃபீல்டின் மதிப்பை வைத்துத் தேட உதவும் கூடுதல் பட்டியல்) இல்லாவிட்டால், ரூட் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆகவே உடனடி பதில் தேவைப்படும் கேள்விகளில் மிகுதியானவை எந்த கீயோடு வருகின்றனவோ அதுவே ரூட்.

வங்கி எடுத்துக்காட்டில் புதியவர்கள் முதலில் வரைவது கிளை, அதன் கீழ் வாடிக்கையாளர், அதன் கீழ் கணக்கு. இது இரண்டு விதத்தில் தவறு. பணம் எடுக்க வரும் கேள்வி கணக்கு எண்ணோடு வருகிறது, கிளை எண்ணோடு அல்ல. மேலும், ஒரு ரூட்டும் அதன் கீழ் உள்ள அனைத்தும் சேர்ந்ததே ஒரு தரவுத்தளப் பதிவு. கிளை ரூட் என்றால் ஒரு கிளையின் ஒரு லட்சம் கணக்குகளும் ஒரே பதிவுக்குள் சங்கிலியாகத் தொங்கும். ஒருவர் மாற்றும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டும் ரூட்டை ஒட்டியே விழுவதால், ஒரே கிளையின் இரு வாடிக்கையாளர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க நேரும்.

வாடிக்கையாளரை ரூட்டாக வைப்பது இதைவிட மேல். ஆனால் ஒருவர் பெயரில் பல கணக்குகள் இருந்தால் அதே நெருக்கடி சிறிய அளவில் வரும், கூட்டுக் கணக்கை எங்கே வைப்பது என்ற கேள்வியும் எழும். இந்தப் பட்டியலுக்குக் கணக்குதான் சரியான ரூட். கிளை எண் கணக்குக்குள் ஒரு ஃபீல்டாக இருந்தால் போதும்.

## 3. எதைத் தனிச் செக்மென்ட் ஆக்குவது

ஐஎம்எஸ் ஒரு தரவுத்தளத்தில் 255 செக்மென்ட் வகைகளையும் 15 நிலைகளையும் அனுமதிக்கிறது. அந்த எல்லையை நெருங்குகிறீர்கள் என்றால் எங்கோ தேவைக்கு மேல் உடைத்திருக்கிறீர்கள்.

மரத்தில் மேலே உள்ள செக்மென்ட் தாய், அதன் கீழ் தொங்குவது சேய். ஒரு தாய்க்குப் பலமுறை வருவது சேய் ஆக வேண்டும். அரிதாக மட்டும் வரும் பெரிய தரவும் சேய் ஆகலாம், எல்லா ரூட்டிலும் வெற்றிடம் சுமக்க வேண்டியதில்லை. எப்போதும் சேர்ந்தே படிக்கப்படும் ஃபீல்டுகளைப் பிரிக்காதீர்கள்.

பிரிப்பதற்கு விலை உண்டு. ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் முன்னால், ஐஎம்எஸ் தன் தேவைக்கு வைக்கும் ஒரு ப்ரீஃபிக்ஸ் இருக்கிறது: வகைக் குறியீட்டுக்கு 1 பைட், அழிப்புக் குறிக்கு 1 பைட், மற்றொரு செக்மென்ட் இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒவ்வொரு பாயிண்டருக்கும் 4 பைட். முன்னும் பின்னும் ட்வின் பாயிண்டர் (ஒரே தாயின் அதே வகைச் சேயைச் சுட்டுவது) வைத்த சேய்க்கு இதுவே 10 பைட். வெறும் 6 பைட் தரவைத் தனிச் சேயாக்கினால் தரவைவிட ப்ரீஃபிக்ஸ் பெரிதாகிவிடும். தாயின் ப்ரீஃபிக்ஸிலும் ஒவ்வொரு சேய் வகைக்கும் குறைந்தது ஒரு பாயிண்டர் கூடும். ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 2 தொலைபேசி எண்கள்தான் என்று உறுதியாக இருந்தால், ரூட்டிலேயே 2 ஃபீல்டு வைப்பது நல்லது.

நம் மரம் இப்போது இப்படி இருக்கும்: ரூட்டாகக் கணக்கு. அதன் கீழ் இடமிருந்து வலமாக உரிமையாளர், நிலையான உத்தரவு, மாதம். மாதத்தின் கீழ் பரிவர்த்தனை. அந்த மாதம் ஏன் நடுவில் வந்தது என்பது படி 5-ல்.

## 4. சேய்களை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துதல்

ஒரே தாயின் கீழ் உள்ள வெவ்வேறு வகைச் சேய்களின் வரிசைக்கு அர்த்தம் உண்டு. படிநிலை வரிசை மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம் என்று நகர்கிறது. முதலில் ஏற்றும்போது பிளாக்குகள் (டிஸ்க்கிலிருந்து ஒரே வாசிப்பில் வரும் பகுதிகள்) நிரம்புவதும் இந்த வரிசையில்தான்.

எனவே அடிக்கடி படிக்கப்படுவதும் எண்ணிக்கையில் குறைந்ததும் இடப்பக்கம் வர வேண்டும். அப்போது அவை ரூட் இருக்கும் பிளாக்கிலேயே இடம்பிடிக்கும், ரூட்டைப் படித்தவுடன் வேறு டிஸ்க் வாசிப்பு இன்றிக் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் பெருகும் பரிவர்த்தனைக் கிளை வலக்கோடியில் இருக்கட்டும். அதை இடப்பக்கம் வைத்தால் உரிமையாளர் செக்மென்ட் பல பிளாக் தள்ளிப் போய்விடும். சேய் பாயிண்டர் மூலம் நேராகத் தாவ முடியும்தான், ஆனாலும் அந்தத் தொலைவு பிளாக்கைப் படித்தே ஆக வேண்டும்.

## 5. கீயும் ட்வின் சங்கிலியும்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வேகம் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இங்கிருந்து முளைக்கின்றன.

ஒரே தாயின் கீழ் உள்ள ஒரே வகைச் சேய்கள் ட்வின்கள். அவை சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். சங்கிலியின் நடுவில் உள்ள ஒன்றைத் தேட, தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும். கீ கொடுத்துவிட்டால் நேராகப் போய்விடும் என்று நினைப்பது தவறு. அந்த வசதி ரூட்டுக்கு மட்டுமே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஆண்டுகள், மாதம் 80 பரிவர்த்தனை என்றால் மொத்தம் 4,800. எல்லாம் நேராகக் கணக்கின் கீழ் தொங்கினால், ஒன்றைத் தேடச் சராசரியாக 2,400 செக்மென்ட்களைத் தாண்ட வேண்டும். நடுவில் மாதம் என்ற செக்மென்ட்டை வைத்தால் 60 மாதங்களில் சராசரி 30, அந்த மாதத்துக்குள் 40. மொத்தம் 70. பழைய தரவை அழிப்பதும் எளிதாகும்: மாதச் செக்மென்ட்டை அழித்தால் அதன் கீழ் உள்ள பரிவர்த்தனைகளும் சேர்ந்து போகும்.

வங்கியில் பெரும்பாலான கேள்வி கடைசிச் சில பரிவர்த்தனைகளைப் பற்றியது. கீ ஏறுவரிசையில்தான் அடுக்கப்படும் என்பதால், ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்ணை 999999-இலிருந்து கழித்து வைத்துக்கொள்ளுங்கள். 202403 என்பது 797596 ஆகும், 202404 என்பது 797595. புதிய மாதம் முன்னால் வந்துவிடும். பரிவர்த்தனையின் நாளையும் வரிசை எண்ணையும் இதேபோல் கழித்து வைத்தால், புதியதைப் படிப்பதும் புதியதைச் சேர்ப்பதும் சங்கிலியின் தலையிலேயே முடிந்துவிடும்.

கீ தனித்தன்மை உடையதா, திரும்ப வரலாமா என்பதை வரையறையிலேயே சொல்ல வேண்டும். முடிந்தவரை தனித்தன்மையோடு வையுங்கள். திரும்ப வரும் கீ என்றால், ஒரே மதிப்புள்ளவற்றில் புதியது முதலில் போகுமா, கடைசியில் போகுமா, தற்போதைய நிலையில் செருகப்படுமா என்ற விதியையும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, பிறகு வரிசை ஏன் இப்படி வருகிறது என்று தேடுவது வழக்கமான காட்சி.

இன்னொரு பொறி: ஐஎம்எஸ் கீக்களை எண்ணாக ஒப்பிடுவதில்லை, பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. பேக்டு டெசிமல் வடிவில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைத்து, கடைசியில் கூட்டல் அல்லது கழித்தல் குறி வைப்பது) ஒரு புரோகிராம் குறியை சி (C) என்றும் மற்றொன்று எஃப் (F) என்றும் எழுதினால், மதிப்பு ஒன்றாக இருந்தும் கீ பொருந்தாது. தரவு இருந்தும் கிடைக்கவில்லை என்ற பதில் வரும். எதிர்மறை எண்களின் வரிசையும் குழம்பும். கீயில் எழுத்து வடிவ இலக்கங்களையே, முன்னால் பூஜ்யம் நிரப்பி, பயன்படுத்துங்கள்.

## 6. ஒரு சேய்க்கு இரண்டு தாய் வேண்டும்போது

ஒரு செக்மென்ட்டுக்கு ஒரே ஒரு நேரடித் தாய்தான் இருக்க முடியும். கூட்டுக் கணக்கில் ஒரு கணக்குக்கு இரு வாடிக்கையாளர், ஒரு வாடிக்கையாளருக்குப் பல கணக்கு. இதை ஒரே மரத்தில் அடைக்க முயல்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஒவ்வொரு கணக்கின் கீழும் நகலெடுக்கிறார்கள். முகவரி மாறும் நாளில் சில நகல்கள் மாறும், சில மாறாது.

சரியான வழி இரண்டு தரவுத்தளங்கள். வாடிக்கையாளர் ஒன்றில் ரூட், கணக்கு மற்றொன்றில் ரூட். இரண்டையும் கோக்க மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன.

முதலாவது லாஜிக்கல் உறவு. கணக்கின் கீழ் உள்ள உரிமையாளர் செக்மென்ட் லாஜிக்கல் சேயாகி, வாடிக்கையாளரைத் தன் லாஜிக்கல் தாயாகச் சுட்டும். அதன் தரவு லாஜிக்கல் தாயின் முழு கீயோடு தொடங்கும், பின்னால் இருவருக்கும் பொதுவான தகவல் வரும், எடுத்துக்காட்டாக அந்த உரிமையாளரின் பங்கு விகிதம். ரூட் செக்மென்ட் லாஜிக்கல் சேயாக முடியாது. சேர்ப்பு, மாற்றம், அழிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விதி வைக்க வேண்டும். கடைசிக் கணக்கு மூடப்பட்டால் வாடிக்கையாளர் பதிவு இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதைத் தாளில் தீர்மானித்த பிறகே அழிப்பு விதியைத் தொடுங்கள்.

இரண்டாவது, உரிமையாளர் செக்மென்ட்டில் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வைத்து, புரோகிராமே இரண்டாவது தளத்தை அழைப்பது. மறுதிசைக்கு வாடிக்கையாளரின் கீழ் கணக்கு எண்களை வைக்க வேண்டும். ஒத்திசைவு புரோகிராமின் பொறுப்பு.

மூன்றாவது, மறுதிசைக் கேள்வி மட்டும்தான் சிக்கல் என்றால், உரிமையாளர் செக்மென்ட்டில் உள்ள வாடிக்கையாளர் எண்ணின் மேல் ஒரு துணை இண்டெக்ஸ்.

லாஜிக்கல் உறவை எடுத்தவுடன் நாடாதீர்கள். அது இரு தளங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஒன்றை மறுசீரமைத்தால் ப்ரீஃபிக்ஸ்களைத் திரும்பப் பொருத்தும் வேலையும் சேர்ந்து வரும். இரு திசையிலும் கேள்வி அதிகம், பொதுத் தகவலும் அடிக்கடி மாறும் என்றால் மட்டுமே அந்தச் செலவு தகும்.

## 7. அணுகுமுறையைத் தேர்ந்தெடுத்தல்

அணுகுமுறை என்பது ரூட்டை டிஸ்க்கில் வைத்துக் கண்டுபிடிக்கும் விதம். முக்கியமான தேர்வு எச்-டேம் (HDAM), ஹைடேம் (HIDAM) இரண்டுக்கும் இடையில்.

எச்-டேமில் ரூட்டின் கீயை ஒரு ரேண்டமைசர் மாட்யூல் கணக்கிட்டு, பிளாக் எண்ணும் ஆங்கர் பாயிண்டும் (அந்தப் பிளாக்குக்குள் ரூட்டைச் சுட்டும் இடம்) தரும். பெரும்பாலும் ஒரே வாசிப்பில் ரூட் கிடைக்கும். ஆனால் ரூட்களை கீ வரிசையில் படிக்க முடியாது. ஹைடேமில் தனி இண்டெக்ஸ் இருப்பதால் வரிசையாகவும் படிக்கலாம், நேராகவும் போகலாம். விலை, இண்டெக்ஸுக்கான கூடுதல் வாசிப்பு. கேள்விப் பட்டியலில் கணக்கு எண் வரிசையில் ஓட வேண்டிய பேட்ச் வேலை ஒன்றிரண்டுதான் என்றால், எச்-டேமிலிருந்து எடுத்து வெளியே சார்ட் செய்வது (வரிசைப்படுத்துவது) போதும்.

எச்-டேமில் பைட் வரம்பை விட்டுவிடாதீர்கள். ஒரு பதிவை ஏற்றும்போது ரூட் பகுதியில் தொடர்ச்சியாக எத்தனை பைட் வரை போடலாம் என்று அது சொல்கிறது, மீதி ஓவர்ஃப்ளோ பகுதிக்குப் போகும். வரம்பு இல்லாவிட்டால் 20,000 பரிவர்த்தனை உள்ள ஒரு கணக்கே அக்கம்பக்கத்துப் பிளாக்குகளை நிரப்பிவிடும், பிறகு வரும் ரூட்கள் தங்கள் இடத்தில் உட்கார முடியாது. ரூட், உரிமையாளர், நிலையான உத்தரவு, கடைசி மாதத்தின் ஒரு பகுதி ஆகியவை அடங்கும் அளவுக்கு வரம்பு வைப்பது இந்த மரத்துக்குப் பொருந்தும்.

## 8. வரையறைகளை எழுதும் வரிசை

முதலில் டிபிடி (DBD), தரவுத்தளத்தின் அமைப்பு. பிறகு பிஎஸ்பி (PSB), ஒரு புரோகிராமுக்கு எது தெரிய வேண்டும் என்பது. இரண்டும் ஜென் ஆன (ஐஎம்எஸ் படிக்கும் வடிவுக்கு மாறிய) பின் ஏசிபி (ACB) ஜென், அதாவது இரண்டையும் சேர்த்து ஓட்டத்துக்குத் தயாராக்குவது. டிபிடியை மாற்றிவிட்டு ஏசிபி ஜென்னை மறப்பது அடிக்கடி நடக்கும். புரோகிராம் பழைய அமைப்போடே ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லா ஃபீல்டையும் டிபிடியில் எழுத வேண்டியதில்லை. கீயையும், தேடலில் நிபந்தனையாக வரும் ஃபீல்டுகளையும் எழுதினால் போதும். பெயர் 8 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஃபீல்டின் தொடக்க இடம் 1-இலிருந்து எண்ணப்படுகிறது. 0-இலிருந்து எண்ணிப் பழகியவர்கள் ஒரு பைட் தள்ளி வரையறுத்துவிட்டு, தேடல் ஏன் பொருந்தவில்லை என்று திகைப்பார்கள்.

பிஎஸ்பியில் ஒரு சேயைக் காட்ட வேண்டுமானால் அதன் தாய், தாயின் தாய் என்று ரூட் வரை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இடையில் உள்ளதன் தரவைக் காட்ட விருப்பமில்லை என்றால் கீ மட்டும் தெரியும்படி வைக்கலாம். அழிக்கும் உரிமையைக் கவனமாகக் கொடுங்கள்: தாயை அழித்தால், அந்தப் புரோகிராமுக்குத் தெரியாத சேய்களும் சேர்ந்து அழியும்.

## 9. தரவை ஏற்றுதல்

உள்ளீட்டுக் கோப்பு படிநிலை வரிசையில் இருக்க வேண்டும். ஹைடேமில் ரூட்களும் கீ ஏறுவரிசையில் வர வேண்டும். எச்-டேமில் அது கட்டாயமில்லை, ஆனால் ரேண்டமைசர் தரும் பிளாக் வரிசையில் சார்ட் செய்துவிட்டால் ஏற்றல் வேகமாக முடியும்.

சார்ட் கீயை இப்படி அமையுங்கள்: கணக்கு எண், இரண்டாம் நிலை வகைக் குறியீடு, இரண்டாம் நிலை கீ, மூன்றாம் நிலை வகைக் குறியீடு, மூன்றாம் நிலை கீ. பொருந்தாத இடங்களில் மிகக் குறைந்த மதிப்பை நிரப்புங்கள், தாய் சேய்க்கு முன்னால் வரும்.

கணக்கு எண், வகை என்று மட்டும் சார்ட் செய்வது பெரிய தவறு. எல்லா மாதங்களும் முதலில் வந்துவிடும், பிறகு எல்லாப் பரிவர்த்தனைகளும் வரும். ஏற்றும்போது செக்மென்ட் பெயரை மட்டும் சொல்லிச் சேர்ப்பதால், பரிவர்த்தனைகள் அனைத்தும் கடைசியாக ஏறிய மாதத்தின் கீழ் போய் உட்காரும். கீ வரிசை பிசகிப் பிழை வந்தால் தப்பித்தீர்கள். வராவிட்டால் தவறான மரம் அமைதியாக உருவாகிவிடும். பரிவர்த்தனையின் தரவுக்குள்ளேயே முழுத் தேதியும் இருந்தால் இதைப் பின்னால் கண்டுபிடிக்க முடியும்.

ஏற்றும்போது வரும் நிலைக் குறியீடுகள் நான்கை மனதில் வையுங்கள். எல்பி: அந்தச் செக்மென்ட் ஏற்கெனவே இருக்கிறது. எல்சி: கீ வரிசை மாறியிருக்கிறது. எல்டி: தாய் இன்னும் ஏறவில்லை. எல்இ: சேய் வகைகளின் வரிசை டிபிடியில் உள்ளபடி இல்லை. எல்சி, எல்டி, எல்இ மூன்றில் எது வந்தாலும் புரோகிராமைத் திருத்தப் போகாமல் சார்ட்டைப் பாருங்கள்.

ஏற்றி முடித்ததும் உடனே இமேஜ் காப்பி (தளத்தின் முழு நகல்) எடுங்கள். ஏற்றல் லாகில் (மாற்றங்களைக் குறிக்கும் பதிவேட்டில்) பதிவாவதில்லை, அதனால் மீட்டெடுக்க இந்தக் காப்பியைத் தவிர வேறு தொடக்கப்புள்ளி கிடையாது.

## 10. சரிபார்த்தலும் புரோகிராம் பக்கத் தவறுகளும்

ஒவ்வொரு செக்மென்ட் வகையின் எண்ணிக்கையையும் உள்ளீட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு மிகப் பெரிய கணக்கு ஒன்றையும் சேய்களே இல்லாத கணக்கு ஒன்றையும் முழுதாகப் படித்துப் பாருங்கள். நடுத்தரக் கணக்குகளில் பிழை தெரியாது.

புரோகிராமுக்கு வரும் நிலைக் குறியீடுகளில் ஜிஇ என்றால் கிடைக்கவில்லை, ஜிபி என்றால் தளம் முடிந்தது. ஜிபி வந்த பிறகும் அடுத்ததைக் கேட்டால் தளத்தின் தொடக்கத்திலிருந்து மீண்டும் வரும். அதைச் சோதிக்காத லூப் முடிவே இல்லாமல் சுற்றும். மாற்றவோ அழிக்கவோ முன்னால் ஹோல்டோடு (மாற்றப் போவதாகச் சொல்லி) படிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஜே வரும். மாற்றும்போது கீ ஃபீல்டைத் தொட்டால் டிஏ. கீ மாற வேண்டுமானால் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே வழி, ஆனால் சேய்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட் கீ இல்லாமல், சேயின் சாதாரண ஃபீல்ட் ஒன்றை மட்டும் நிபந்தனையாக வைத்த அழைப்பு தளம் முழுவதையும் துழாவும். சோதனைத் தளத்தில் நூறு கணக்குகள்தான் இருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. அழைப்புகளைக் கேள்விப் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டால் முன்பே பிடித்துவிடலாம்.

## 11. மறுசீரமைப்பு

சேர்ப்பும் அழிப்பும் நடக்க நடக்க, சேய்கள் தாயை விட்டு வேறு பிளாக்குகளுக்குச் சிதறும். ஒரு பதிவைப் படிக்கத் தேவைப்படும் டிஸ்க் வாசிப்பு கூடிக்கொண்டே போவதும், ஓவர்ஃப்ளோ பகுதி நிரம்புவதும் அறிகுறிகள்.

வரிசை இதுதான்: அன்லோட் (தரவை வெளியே எடுத்தல்), டேட்டாசெட்டை (தரவு இருக்கும் கோப்பை) அழித்து மறுபடி வரையறுத்தல், ரீலோட், லாஜிக்கல் உறவு இருந்தால் ப்ரீஃபிக்ஸ் பொருத்துதல், துணை இண்டெக்ஸ்களைக் கட்டுதல், இமேஜ் காப்பி. இமேஜ் காப்பியை ரீலோடுக்கும் ப்ரீஃபிக்ஸ் வேலைக்கும் நடுவில் எடுத்துவிட்டால், மீட்டெடுக்கும்போது பொருந்தாத பாயிண்டர்களே கிடைக்கும். செக்மென்ட்டின் நீளத்தை மாற்றுவது, புதிய சேய் வகையைச் சேர்ப்பது போன்றவற்றையும் இந்த வேளைக்கே ஒதுக்கி வையுங்கள், அதற்கு முன் எச்-டேமின் பைட் வரம்பைப் புதிய எண்ணிக்கைகளோடு மறுபடி கணக்கிடுங்கள்.